லோக் அதாலத்தில் கையெழுத்துப் போடும் முன் கணக்கைக் கேளுங்கள்

இரண்டு வருடத்துக்கு முன் தொப்பூர் கணவாயில், பஞ்சரான வண்டியை ஓரம் கட்டி நின்ற எங்கள் மாமாவை, அக்காவின் கணவரை, லாரி அடித்துவிட்டது. வயது 38. ராயக்கோட்டையில் தக்காளி ஏற்றி சேலம் போகும் சொந்த மினிவேன் அவருடையது.

பிணவறை வாசலிலேயே ஒரு புரோக்கர் வந்துவிட்டார். "கிளைம் கேஸை நம்ம வக்கீல் பார்த்துக்குவார் தம்பி, வர்றதுல 20 சதவீதம் கொடுத்தா போதும்." தொகையில் பங்கு பேசுவதே வக்கீல்களுக்கு பார் கவுன்சில் விதிப்படி கூடாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அக்கா வெற்றுத் தாளில்கூடக் கையெழுத்துப் போட்டாள்.

அப்புறம் ஒரு நாள் லோக் அதாலத், அதாவது வழக்கைச் சமரசமாக முடிக்கும் மக்கள் நீதிமன்றம். "சம்மதமான்னு கேட்டா ஆமான்னு சொல்லும்மா, அவ்வளவுதான்" என்றார்கள். அக்காவும் சொன்னாள். 12 லட்சம் நஷ்டஈடு. எங்களுக்கு அது பெரிய தொகையாகத்தான் தெரிந்தது.

போட்ட கணக்கு இது: மாத வருமானம் 10 ஆயிரம், மூன்றில் ஒரு பங்கு அவருடைய சொந்தச் செலவு, மீதி ஆண்டுக்கு 80 ஆயிரம், அதை 15 ஆல் பெருக்கினால் 12 லட்சம். இறந்தவரின் வயதைப் பார்த்து வைக்கும் பெருக்கு எண், 36 முதல் 40 வயதுக்கு 15 என்பது மட்டும்தான் சரி. மாமாவை நம்பியிருந்தவர்கள் அக்கா, இரண்டு பிள்ளைகள், அத்தை (மாமாவின் அம்மா) என நான்கு பேர். அத்தையை மனுவிலேயே சேர்க்கவில்லை. நான்கு பேர் என்றால் கால் பங்குதான் கழிக்க வேண்டும். இது உச்ச நீதிமன்றத்தின் 2009 சர்லா வர்மா தீர்ப்பு. சொந்தத் தொழில் செய்பவர் 40 வயதுக்குள் இறந்தால் வருங்கால உயர்வுக்காக வருமானத்தில் 40 சதவீதம் கூட்ட வேண்டும். இது அதே நீதிமன்றத்தின் 2017 பிரணய் சேத்தி தீர்ப்பு. அதையும் யாரும் கூட்டவில்லை.

அந்த 10 ஆயிரம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மாமா வண்டித் தவணையே மாதம் 9,200 கட்டிக்கொண்டிருந்தார்! வங்கிக் கணக்கும் மண்டிச் சீட்டுகளும் பீரோவில் இருந்தன, யாரும் கேட்கவில்லை. 15 ஆயிரம் என்று நிரூபித்திருந்தால்கூட, 40 சதவீதம் கூட்டி, கால் பங்கு கழித்து, 15 ஆல் பெருக்கினால் 28,35,000 வந்திருக்கும். போட்டுப் பாருங்கள்.

விபத்து நஷ்டஈட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயத்தின் உத்தரவாக இருந்தால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். லோக் அதாலத் முடிவுக்கு மேல்முறையீடே கிடையாது.

பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு நீதிமன்ற வளாகத்திலும் விசாரியுங்கள். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். யாருக்காவது கணக்கில் சந்தேகம் இருந்தால் வயது, வருமானம், வீட்டில் எத்தனை பேர் என்று எழுதுங்கள், போட்டுச் சொல்கிறேன்.