ஹெர்மிஸ் லைட், பியூர்சிக்னல்: மலைநாட்டுக் குளிரிலும் மழையிலும் நீண்டகாலப் பயன்பாடு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இதோடு போய்விடலாம். பியூர்சிக்னல் என்பது ஹாம் ரேடியோவில் ஆம்ப்ளிஃபயர் உண்டாக்கும் திரிபைத் திருத்தும் மென்பொருள் வசதி. அதைப் போட்டால் உங்கள் சிக்னல் கூடுதல் தூரம் போகாது. எதிரில் பேசுகிறவருக்கு உங்கள் குரல் புதிதாக இனிக்கவும் செய்யாது. லாபம் முழுக்க உங்களுக்குப் பக்கத்து அலைவரிசையில் இருப்பவருக்குத்தான். அவர் உங்களைத் திட்டாமல் இருப்பார். அது போதும் என்றால் மேலே படியுங்கள்.

நான் இருப்பது இலங்கை மலைநாட்டில், ஹட்டனுக்குப் பக்கத்தில். ஹாம் ரேடியோ லைசென்ஸ் எடுத்த பிறகு பழைய பெட்டி ரேடியோ ஒன்றில் தொடங்கி, அப்புறம் கணினி மென்பொருளோடு சேர்ந்து ஓடும் ரேடியோவான ஹெர்மிஸ் லைட் 2 வாங்கினேன். கையளவுப் போர்ட்தான், வடிவமைப்பு முழுவதும் திறந்த மூலம். உள்ளே இருக்கும் ஏடி9866 சிப் உண்மையில் பிராட்பேண்ட் மோடத்துக்காகச் செய்தது. சிக்னலை 12 பிட் நுணுக்கத்தில், வினாடிக்கு 7 கோடியே 68 லட்சம் மாதிரிகளாக அளக்கும். வெளியே வருவது 5 வாட். அதற்குப் பின்னால் ஐஆர்எஃப்510 மொஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் இரண்டு போட்டு நானே கட்டிய ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருக்கிறது. கணினியில் தீட்டிஸ் மென்பொருள். அதற்குள்ளே இருக்கும் ஒரு வசதிதான் பியூர்சிக்னல். எழுதியவர் வாரன் பிராட் என்ற அமெரிக்க ஹாம்.

ஐஆர்எஃப்510 பற்றி ஒரு வார்த்தை. அது ரேடியோவுக்காகப் பிறந்த சாமானே இல்லை. பவர் சப்ளைகளில் சுவிட்சாக வேலை செய்யச் செய்தது. மலிவு, எங்கும் கிடைக்கும், ஆகவே உலகம் முழுக்க ஹாம்கள் அதை ஆம்ப்ளிஃபயரில் போட்டு வதைக்கிறார்கள். அதன் திரிபு, அதாவது கொடுத்த சிக்னலில் இல்லாததை அது தானே சேர்ப்பது, எப்படி இருக்கும் என்று பார்க்க இரட்டைத் தொனிச் சோதனை செய்ய வேண்டும். தீட்டிஸில் ஒரு பொத்தான்தான்: 700 ஹெர்ட்ஸ், 1,900 ஹெர்ட்ஸ் இரண்டு தொனிகளைச் சேர்த்து அனுப்பும். சுத்தமான ஆம்ப் என்றால் திரையில் இரண்டு கம்பம் மட்டும் நிற்க வேண்டும். என்னுடையதில் வேலியே நின்றது. 3,100-இல் ஒன்று, 4,300-இல் ஒன்று, பூஜ்ஜியப் புள்ளியான கேரியருக்கு மறுபக்கம் 500-இலும் 1,700-இலும் ஒவ்வொன்று. 1,900-ஐ இரட்டித்து 700-ஐக் கழித்தால் 3,100. 700-ஐ இரட்டித்து 1,900-ஐக் கழித்தால் மைனஸ் 500. மூன்றாம் படித் திரிபு என்பது இதுதான். சிக்னலை ஒட்டியே விழுவதால் எந்த ஃபில்டர் போட்டாலும் போகாது. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அலைவரிசையில் விழும் ஹார்மோனிக் என்றால் ஃபில்டர் பார்த்துக்கொள்ளும், இதை அது தொடவே முடியாது.

திருத்தம் எப்படி நடக்கிறது என்றால், தராசு 20 கிலோவை 18 என்று காட்டும் என்று முன்னமே தெரிந்தால் கூடையில் அதற்கேற்பக் கூட்டிப் போடுவோமே, அதுதான். (கொழுந்து நிறுக்கிற தராசைப் பற்றி எங்கள் பக்கத்தில் பேச நிறைய உண்டு, அது வேறு கதை.) ஆம்ப் எந்த அளவில் எவ்வளவு குறைத்துக் கொடுக்கிறது, அலையின் கட்டத்தை (அது முன்பின் நகர்வதை) எவ்வளவு திருப்பிவிடுகிறது என்பதை மென்பொருள் கற்றுக்கொண்டு, அதற்கு நேர் எதிராகச் சிக்னலை முன்கூட்டியே வளைத்து அனுப்பும். இரண்டு வளைவும் சேர்ந்தால் நேர்க்கோடு.

வெளியே வருவதை உள்ளே வருவதோடு ஒப்பிட்டுத் திருத்துவது பழைய யோசனைதான். பெல் ஆய்வுகூடத்தில் ஹரல்ட் பிளாக் 1927-இலேயே எதிர்ப்பின்னூட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அது அந்தந்தக் கணத்தில் சுற்றுக்குள்ளேயே நடப்பது; ரேடியோ அலைவரிசையில் கொஞ்சம் தாமதம் கூடினாலும் ஆம்ப் தானே அலற ஆரம்பித்துவிடும். பியூர்சிக்னலில் அந்தப் பயம் இல்லை. அது மாதிரிகளைச் சேர்த்து, ஆற அமரக் கணக்குப் போட்டு, அட்டவணையை மாற்றிக்கொள்கிறது. ரேடியோ ஓடும் வேகத்துக்குக் கணக்கு ஓட வேண்டியதில்லை.

இதனால்தான் என் பழைய லாப்டாப்பே தாராளமாகப் போதும். எதிர் மலையில் தெரியும் ஃபோன் டவரில் நடப்பதும் இதே வித்தைதான், ஆனால் அளவு வேறு. 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 4ஜி சிக்னலின் ஐந்தாம் படித் திரிபு ஐந்து மடங்கு அகலத்துக்குப் பரவும். அப்படியானால் 100 மெகாஹெர்ட்ஸை அளந்து திருத்த வேண்டும். அதோடு அந்த அகலத்தில் ஆம்புக்கு ஞாபகசக்தியும் வந்துவிடும்: இந்தக் கணத்து வெளியீடு, சற்று முன் போன சிக்னலையும் பொறுத்தது. அதற்கு ஞாபகப் பல்லுறுப்புக் கோவை என்று ஒரு முறை, அதைக் குறைந்த பெருக்கல்களோடு சிப்பில் ஓட்ட அட்டவணைகள் என்று பொறியாளர்கள் மெனக்கெடுகிறார்கள். நாம் பேசும் குரல் 3 கிலோஹெர்ட்ஸ் கூட இல்லை. ஞாபகத்தை மறந்துவிட்டு, அளவையும் கட்டத்தையும் மட்டும் பார்த்தாலே முக்கால்வாசி வேலை முடிந்துவிடுகிறது.

சரி, பயன்பாட்டுக்கு வருவோம்.

முதல் தலைவலி மாதிரி எடுக்கும் இடம். வெறும் 5 வாட்டில் ஓட்டினால் ஹெர்மிஸ் லைட் உள்ளே கசியும் சிக்னலை வைத்தே தன்னைத் திருத்திக்கொள்ளும், கூடுதல் சாமான் வேண்டாம். வெளியே ஆம்ப் இருந்தால் அதன் வெளியீட்டிலிருந்து துளி எடுத்துக் கொண்டுவர வேண்டும். நான் டொராய்டு வளையத்தில் கம்பி சுற்றி 40 டெசிபெல் சாம்ப்ளர் செய்தேன். 30 வாட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 3 மில்லிவாட். அதற்குப் பின்னால் இன்னும் ஒரு 20 டெசிபெல் குறைப்பான். இதைத் தகரப் பெட்டிக்குள் அடைத்து, நல்ல கவசமுள்ள கேபிளில் கொண்டுவராவிட்டால் ஆண்டெனாவிலிருந்து நேரே வரும் அலையும் கலந்து மென்பொருளைக் குழப்பும். மொத்தச் செலவில் இதுதான் மிகக் குறைவு, மொத்தப் பலனும் இதில்தான் தொங்குகிறது. இப்படித் திரும்பி வரும் பின்னூட்டம் திரியாமல் வந்தால்தான் திருத்தம் திருத்தம். ரிசீவர் பக்கம் அளவு மீறித் திரிந்தால், அந்தத் திரிபுக்கு எதிரான திரிபை மென்பொருள் நல்ல மனதோடு உங்கள் சிக்னலில் ஏற்றிவிடும். தீட்டிஸில் பின்னூட்ட அளவு விளக்கு பச்சையில் இருக்கிறதா என்று பார்ப்பதை நான் பழக்கமாக்கிவிட்டேன்.

எல்லாம் சரியாக அமைந்த பிறகு என் ஆம்பில் மூன்றாம் படி, தொனிகளுக்கு 26 டெசிபெல் கீழே இருந்தது 48-க்கு இறங்கியது. வேலி இருந்த இடத்தில் புல் முளைத்த மாதிரிகூட இல்லை. பொத்தானை அமுக்கி அணைத்து அணைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு பொழுதுபோக்கு.

ஆனால் ஒரு வரம்பு உண்டு. ஆம்ப் உச்சத்தில் முட்டிவிட்டால் எந்தக் கணக்காலும் அதற்கு மேல் தூக்க முடியாது. மேல்முனையில் திருத்தம் என்றால் கூடுதலாகத் தள்ளுவது; தள்ளுவதற்கு இடம் வேண்டும். முக்கி முக்கி 40 வாட் எடுத்த ஆம்பை இப்போது 30-இல் வைத்திருக்கிறேன். வித்தியாசம் ஒன்றேகால் டெசிபெல். ரிசீவரில் சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரில் ஒரு படி என்பது 6 டெசிபெல், ஆகவே எதிர்முனையில் யாருக்கும் தெரியவே தெரியாது. மொஸ்ஃபெட்களுக்குத்தான் தெரியும்.

மலைநாட்டுக்கு என்று சில விஷயங்கள் உண்டு, கொழும்பில் இருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். சனவரி, பிப்ரவரி காலைகளில் என் அறையில் ஹீட்சிங்க் தொட்டால் கை சில்லிடும். மொஸ்ஃபெட் குளிர்ந்திருந்தால் சும்மா இருக்கும்போது ஓடும் கரண்ட் குறையும், சூடேறினால் கூடும். குறைந்தால் சிறிய சத்தங்களில் திரிபு அதிகம். முந்தைய இரவு சூட்டில் கற்ற வளைவு காலையில் பொருந்தாது. தானியங்கி முறையில் விட்டால் சில வாக்கியங்களுக்குள் சரிசெய்துகொள்கிறது.

சில வாக்கியங்கள் என்றேன், அதிலும் ஒரு சிக்கல். மென்பொருள் சிக்னலின் உயரத்தைப் 16 படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் 256 மாதிரி சேரும்வரை காத்திருக்கும். மேல் படிகள் நிரம்ப வேண்டுமானால் நீங்கள் கொஞ்சம் உரக்கப் பேச வேண்டும். பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் மைக்கோடு முணுமுணுத்தால் மேல் படி நிரம்பாது, பழைய வளைவே ஓடிக்கொண்டிருக்கும். இதற்கு நான் செய்வது: பேசத் தொடங்கும் முன் டம்மி லோடில் (ஆண்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் சுமையில்) இரட்டைத் தொனி கொஞ்ச நேரம். ஆண்டெனாவில் போட்டு மற்றவர்களைச் சோதிக்க வேண்டாம்.

டம்மி லோடில் கற்ற வளைவு ஆண்டெனாவுக்கு அப்படியே பொருந்துமா? வெயில் காலத்தில் ஏறக்குறையப் பொருந்தும். மே மாதம் தென்மேற்கு மழை பிடித்துவிட்டால் பொருந்தாது. வீட்டுக்கும் சவுக்கு மரத்துக்கும் இடையில் கட்டிய 20 மீட்டர் நீளக் கம்பி ஆண்டெனா (டைபோல்) நனைந்தால் எஸ்டபிள்யூஆர், அதாவது ஆண்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, நகரும். ஆம்புக்குத் தெரியும் சுமை மாறினால் அதன் வளைவும் மாறும். தானியங்கி முறை இதையும் பின்தொடர்கிறது. சேமித்து வைத்த பழைய திருத்தத்தை மீண்டும் ஏற்றுவதை மட்டும் மழைக்காலத்தில் நான் நம்புவதில்லை.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த சம்பவம். ஒரு மழைக்காலம் முடியும் சமயம், பண்டாரவளையில் இருக்கும் நண்பர், என்னைவிட மூத்தவர், 40 மீட்டர் அலைவரிசையில் கூப்பிட்டார். “தம்பி, என்ன, அந்தத் திருத்தத்தை அணைச்சுட்டீங்களா? ரெண்டு பக்கமும் தெறிக்குதே.”

“இல்லண்ணே, இங்க திரையில கண்ணாடி மாதிரி இருக்கு.”

“அப்ப உங்க திரை பொய் சொல்லுது.”

திரை பொய் சொல்லவில்லை. அது சாம்ப்ளர் இருக்கும் இடம்வரைதான் பார்க்கும். நான் இன்னொரு ஆண்டெனாவுக்கு மாற்றினேன், தெறிப்பு போய்விட்டது என்றார். டைபோலை இறக்கிப் பார்த்தால், நடுவில் செப்புக் கம்பியை இறுக்கிய இரும்பு போல்ட் மஞ்சளும் பச்சையுமாகப் பூத்துக்கிடந்தது. இரண்டு உலோகங்களுக்கு நடுவே துருப் படலம் சேர்ந்தால் அதுவே ஒரு டயோடு மாதிரி நடந்துகொள்ளும். அதன் வழியே முழுக் கரண்டும் ஓடினால் புதிதாகத் திரிபு பிறக்கும். பிறப்பது சாம்ப்ளருக்கு அப்பால், ஆகவே உலகத்திலேயே சிறந்த மென்பொருளும் அதைக் காணாது. துருப்பிடிக்காத போல்ட் போட்டு, மேலே ரப்பர் டேப் சுற்றிக் கட்டினேன். எங்கள் மழைக்கு அந்த டேப் வருடத்துக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும். துருப்பிடித்த தகரக் கூரைக்கு மேல் தாழ்வாகக் கம்பி கட்டியிருப்பவர்களும் கவனியுங்கள், அங்கேயும் இதே கதை நடக்கலாம்.

அதனால் வெளியிலிருந்து ஒரு காது கட்டாயம் வேண்டும். கணினியில் செருகும் மலிவான ஆர்டிஎல் டாங்கிள் ரிசீவரால் அளக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அது 8 பிட். ஏறக்குறைய 50 டெசிபெல்லோடு அதன் பார்வை முடிந்துவிடும், கிட்டத்தில் பலமான சிக்னல் வந்தால் தானே திரிபை உண்டாக்கும். 48 டெசிபெல் கீழே இருப்பதை அதில் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. நல்ல ரிசீவர் வைத்திருக்கும் நண்பர் மேல்.

குறைகள் என்றால், தீட்டிஸ் விண்டோஸில் மட்டும்தான் ஓடுகிறது. அமைப்புப் பக்கங்கள் முதல்முறை பார்ப்பவரை விரட்டியடிக்கும். விண்டோஸ் தனக்குத் தோன்றிய நேரத்தில் அப்டேட் போடத் தொடங்கினால் நடுப் பேச்சில் மானம் போகும். இன்னொன்று, ஹெர்மிஸ் லைட் அனுப்பும் பக்கம் 48 கிலோஹெர்ட்ஸில் ஓடுவதால் திருத்தமும் அந்த அகலத்துக்குள்தான். நாம் குரல் அனுப்பும் எஸ்எஸ்பி முறைக்கு இது தாராளம்.

வாங்கலாமா என்று கேட்டால்: ஆம்ப் இல்லாமல் 5 வாட்டில் பேசுகிறவர்கள் கூடுதல் செலவில்லாமலே இதைப் போட்டுக்கொள்ளலாம், யோசிக்கவே வேண்டாம். சொந்தமாக ஆம்ப் கட்டுகிறவர்கள் முதலில் ஆம்பைச் சரியாகக் கட்டுங்கள், பயாஸை (சும்மா இருக்கும்போது ஓடும் கரண்டை) சரியாக வையுங்கள், பிறகு இதற்கு வாருங்கள். தள்ளாடுகிற, தானே ஊசலாடுகிற ஆம்பை இது காப்பாற்றாது. ரேடியோச் சாமானை வெளிநாட்டிலிருந்து எடுப்பதானால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியை முன்னமே வாங்கிவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

நான் இப்போது லாப்டாப்பை விட்டு ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் பைஎச்பிஎஸ்டிஆர் என்ற ரேடியோ மென்பொருளை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதிலும் பியூர்சிக்னல் இருக்கிறது, கணக்கும் தடுமாறாமல் ஓடுகிறது. கரண்ட் போகும் இரவுகளில் பேட்டரியில் இழுப்பது குறைவு என்பதால்தான் இந்த மாற்றம். திரையில் பொத்தான்கள் மட்டும் என் விரலுக்குச் சின்னதாக இருக்கின்றன, அதற்கு ஒரு சுழல்குமிழ் பொருத்த வேண்டும்.