விமான நிலையச் சோதனைக்கு எத்தனை புள்ளி? பலாலி, மீனம்பாக்கம், கட்டுநாயக்க வழியே ஒரு மதிப்பீடு

யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னைக்குப் போனாலென்ன, கொழும்புக்கு அருகே கட்டுநாயக்கவிலிருந்து லண்டனுக்குப் போனாலென்ன, பயணி காண்பது ஒரே சடங்குதான்: பையை பெல்ட்டில் வை, பொக்கற்றை வெறுமையாக்கு, உலோகம் அறியும் வாசல் சட்டத்துக்குள்ளால் நட, கையை விரி. இதற்கான செலவு வரியாகவும் கட்டணமாகவும் ரிக்கற்றுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் எந்தச் சேவையையும் போல இதையும் நிறுத்துப் பார்க்கலாம். எங்கள் கணிப்பு இது: வரிசையில் கண்ணுக்குத் தெரிவதில் பாதி, முன்னர் நடந்து முடிந்த ஒரு தாக்குதலுக்கான பதில். உயிரைக் காக்கும் வேலையில் பெரும்பகுதி பயணி காணாத இடத்தில் நடக்கிறது.

முதலில் அந்த வாசல் சட்டம். அது உலோகத்தைத்தான் அறியும், வெடிபொருளை அறியாது. கத்தி, துப்பாக்கி கொண்டு விமானம் கடத்திய காலத்துக்கு அது போதுமாயிருந்தது. எங்கள் ஊர்த் தாலிக்கொடியின் பாரத்துக்கு அது கத்துவது வழமை. கொடியைக் கழற்றத் தேவையில்லை. பெண் அலுவலர் கைக்கருவியால் பார்ப்பார், வேண்டுமென்றால் மறைவான இடத்தில் பார்க்கும்படி கேட்கலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் சட்டத்துக்குள் நடக்க முதலே சொல்லிவிட வேண்டும்.

எக்ஸ்ரே கொஞ்சம் கெட்டிக்காரன். திரையில் உலோகம் நீலம், உணவு, துணி, பிளாஸ்ரிக் போன்ற சேதனப் பொருட்கள் செம்மஞ்சள், இரண்டுக்கும் இடைப்பட்டவை பச்சை. சிக்கல் என்னவென்றால் வெடிபொருளும் சேதனப் பொருள்தான். நெருக்கமாக அடுக்கிய பனங்கட்டிக் குட்டான்கள் செம்மஞ்சள் கட்டியாகத் தெரிந்தால் அலுவலர் பையைத் திறக்கத்தான் செய்வார். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. குட்டான்களைப் பைக்குள் ஒரே இடத்தில் குவிக்காமல் மேல்தட்டில் பரப்பி வைத்தால் ஒரு நிமிடத்தில் வேலை முடியும்.

இந்தக் கருவியின் பலவீனம் திரைக்கு முன்னால் இருக்கும் மனிதக் கண். அதனால்தான் ஐரோப்பிய விதிகள் ஒருவரைத் தொடர்ந்து 20 நிமிடத்துக்கு மேல் திரை பார்க்க விடுவதில்லை. பொய்யான துப்பாக்கிப் படங்களை இடையிடையே திரையில் விட்டு அலுவலர் விழிப்பாக இருக்கிறாரா என்று பார்க்கும் மென்பொருளும் உண்டு. அப்படியிருந்தும் 2015இல் அமெரிக்காவில் வேடமிட்ட பரிசோதகர்கள் 70 தரம் முயன்று 67 தரம் தடைப்பொருட்களோடு தாண்டிப் போனார்கள் என்ற செய்தி வெளிவந்தது. செலவைக் கொட்டுகிற நாட்டின் நிலையே அது. எக்ஸ்ரே வரிசைக்கு 10இல் 6 கொடுக்கலாம். பிடிபடுவோம் என்ற பயத்தை உண்டாக்குவதும் ஒரு வேலைதான்.

பையின் சிப்பிலும் கைபிடியிலும் துணித்துண்டால் துடைத்து இயந்திரத்தில் வைப்பார்களே, அது இதைவிட நம்பகமானது. ஒட்டியிருக்கும் நுண்துகளைச் சூடாக்கி ஆவியாக்கி, சில விநாடிகளில் விடை சொல்லும். கிளிசரின் கலந்த கைக்கிரீமும் நைத்திரேற்று உரமும் அதை ஏமாற்றக்கூடியவை. தோட்டத்தில் உரம் போட்ட கையோடு பயணப்பொதி கட்டுகிற வலிகாமத்து ஆட்கள் இதைக் கவனிக்கவும்.

இனி, கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட திரவப் போத்தல் கூடாது என்ற விதி. 2006 ஓகஸ்டில் குளிர்பானப் போத்தல்களில் திரவ வெடிபொருள் கொண்டுபோகத் திட்டமிட்டவர்கள் லண்டனில் பிடிபட்டதும் வந்தது இது. அவர்கள் உளவு வேலையால் பிடிபட்டார்கள், எந்த வரிசையிலும் அல்ல. பழைய எக்ஸ்ரேக்கு தண்ணீரையும் மற்றத் திரவத்தையும் பிரித்தறியத் தெரியாது. கருவியின் குறையை விதியால் மூடினார்கள், அவ்வளவுதான். பல கோணத்தில் படமெடுத்து அடர்த்தியைக் கணிக்கும் சீற்றி ஸ்கானர் வந்த பிறகு எடின்பரோ, பேர்மிங்ஹாம் போன்ற இடங்களில் 2025 முதல் 2 லீற்றர் வரை விடுகிறார்கள். சப்பாத்துக் கழற்றுவதும் அப்படியே: 2001 டிசெம்பரில் ஒருவன் சப்பாத்தில் குண்டு வைத்ததற்காகத் தொடங்கி, அமெரிக்காவில் 2025 ஜூலையில்தான் கைவிட்டார்கள். திரவத்துக்கு 4, சப்பாத்துக்கு 2.

முழுப் புள்ளிக்கு மிக அருகில் வருவது பொதியையும் ஆளையும் பொருத்திப் பார்ப்பது. இதன் அருமை எங்கள் பக்கத்துக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். 1984 ஓகஸ்ட் 2 இரவு சென்னை மீனம்பாக்கத்தில் கொழும்பு விமானத்துக்குப் பொதி கொடுத்தவர் ஏறவில்லை. அந்தப் பொதிகளை விமானத்தில் ஏற்றாமல் ஒதுக்கினார்கள். அதுவரை சரி. ஆனால் ஒதுக்கியவற்றைக் கட்டடத்துக்குள்ளேயே வைத்திருந்ததில் அங்கேயே வெடித்து ஏறக்குறைய 30 பேர் மாண்டார்கள், அவர்களில் பலர் இலங்கையர். அடுத்த ஆண்டு ஜூன் 23இல் எயார் இந்தியா 182இல் ஆளில்லாப் பொதி ஏறியே விட்டது: அது வெடித்து 329 பேர் மாண்டார்கள். ஆள் வராத பொதியை இறக்குவது பாதி வேலை. அதைச் சனம் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோவது மீதிப் பாதி. பெயர் கூப்பிட்டும் ஒரு பயணி வராததால் விமானம் அரைமணி தாமதித்தால், கீழே அவரது பொதியைத் தேடி இறக்குகிறார்கள் என்று அர்த்தம். அந்தத் தாமதத்துக்கு முணுமுணுக்க வேண்டாம்.

விமானி அறைக் கதவுக்கும் அதே மதிப்பு. 60 இருக்கைக்கு மேற்பட்ட பயணிகள் விமானங்களுக்கு 2003 நவம்பர் முதல் உறுதியான கதவு சர்வதேச விதி. பலாலிக்கு வந்துபோகும் ஏரீஆர் 72உம் அதற்குள் அடக்கம். நியூயோர்க் பாணிக் கடத்தலை வாசல் வரிசையைவிட இந்தக் கதவே கடினமாக்கியது. குறையும் உண்டு: 2015 மார்ச்சில் ஜேர்மன்விங்ஸ் துணைவிமானி உள்ளே பூட்டிக்கொண்டு 149 பேரையும் தன்னோடு கொண்டுபோனது இதே கதவுக்குப் பின்னால்தான்.

வரிசை எதையெல்லாம் தொடாது என்பதற்கு வேறு நாட்டு உதாரணம் தேவையில்லை. 2001 ஜூலை 24 அதிகாலை கட்டுநாயக்கவில் புலிகள் நுழைந்தது விமானப்படைத் தளத்தின் வேலிப் பக்கத்தால். பயணிகள் வாசலில் எத்தனை ஸ்கானர் இருந்தாலும் தரிப்பிடத்தில் நின்ற எயார்பஸ்கள் தப்பியிராது. 1998 செப்ரெம்பர் 29இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் போன லயன் எயார் அன்ரனோவ், மன்னார்க் கடலுக்கு மேலே ஏவுகணையால் சுடப்பட்டு 55 பேரோடு விழுந்தது. ஏறியவர்களின் பையைக் கிண்டி அதைத் தடுத்திருக்க முடியுமா? இன்னொன்று, சோதனை இறுக இறுக வரிசை நீளும், நீண்ட வரிசையே இலக்காகும். 2016இல் பிரசெல்ஸிலும் இஸ்தான்புல்லிலும் குண்டு வெடித்தது பயணிகள் கூடிநின்ற மண்டபத்தில். ஆகவே விரைவாக நகரும் வரிசையும் பாதுகாப்பின் ஒரு பகுதிதான்.

பலாலியிலிருந்து போகிறவர்களுக்கு நடைமுறை இது. சென்னையில் விமானம் மாறினால் அங்கே மறுபடியும் சோதனை உண்டு. தீர்வையற்ற கடையில் வாங்கிய போத்தலை, கடைக்காரர் சீல் வைத்த பையோடும் பற்றுச்சீட்டோடும் கடைசி விமானம் ஏறும் வரை பிரிக்கக்கூடாது. நல்லெண்ணெய், ஊறுகாய், நெய் எல்லாம் பெரிய பொதிக்குள், மூடியை ரேப் ஒட்டி, இரட்டைப் பொலித்தீனில். கறித்தூளும் அங்கேதான். அமெரிக்கா போகும் விமானத்தில் 350 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட தூளைக் கைப்பையில் வைத்தால் மறுக்கவும் கூடும். பருத்தித்துறை வடை எதிலும் போகலாம்.

பவர் பாங்கும் கொப்பறாவும் வேறு கணக்கு, இரண்டுக்கும் காரணம் தீ. கொப்பறா தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருட்களின் பட்டியலில் இருப்பதால் கொண்டுபோக நினைக்கவே வேண்டாம். பவர் பாங்க் கைப்பையில் மட்டும், 100 வற்-மணி (அது கொள்ளும் மின்சக்தியின் அளவு) வரை. 20,000 எம்.ஏ.எச் (mAh) என்று போட்டிருந்தால், உள்ளிருக்கும் பற்றரியின் வோல்ற்றளவான 3.7ஆல் பெருக்கி 1000ஆல் பிரிக்க 74 வரும், பயமில்லை. எழுத்து அழிந்துபோன பவர் பாங்க் என்றால் அலுவலருக்குக் கணக்குப் பார்க்க வழியில்லை, பறித்து வைக்கவே இடமுண்டு.