லார்ச்சா, ஸ்புரூஸா: மலைவீட்டின் வெளிச்சுவருக்கு எந்த மரம்?

சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்து மலைக்கிராமம் ஒன்றில் உள்ள எங்கள் மரவீட்டின் தெற்குச் சுவர்ப் பலகைகளை மாற்ற வேண்டி வந்தபோது, பழையபடி ஸ்புரூஸையே போடுவதா, லார்ச்சுக்கு மாறுவதா (இரண்டும் ஊசியிலை மரங்கள்) என்று ஒரு குளிர்காலம் முழுவதும் யோசித்து, லார்ச்சையே தேர்ந்தெடுத்தோம்.

ஸ்புரூஸ் விலையிலும் எடையிலும் குறைவு. இழைப்புளிக்கு எளிதில் இணங்கும். பெர்ன் மாநிலத்து மலைப்பகுதியான பெர்னர் ஓபர்லாந்தின் சிம்மன்டால் பள்ளத்தாக்கில், செதுக்கு வேலைப்பாடு நிறைந்த ஸ்புரூஸ் வீடுகள் நூற்றாண்டுகளைக் கடந்து நிற்பதால், அதை உழைக்காத மரம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அங்கே சுவரைக் காப்பது, வெளியே நீண்டு இறங்கும் அகன்ற கூரைதான். எங்கள் கூரையோ சுவரைத் தாண்டி ஒரு முழம்கூட நீளவில்லை.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிரின் கடுமையும் கூடுவதால், ஸ்புரூஸுக்குப் பூசியிருந்த வார்னிஷ் நான்காம் ஆண்டிலேயே செதில் செதிலாக உரிந்தது. நகத்தால் கீறினால் அடிமரம் சாம்பல் நிறப் பஞ்சாகக் கையோடு வந்தது. வார்னிஷின் விலை பெரிதன்று. சரிவான நிலத்தில் சாரம் கட்டி, பழைய பூச்சைச் சுரண்டி எடுக்கும் கூலிதான் ஒவ்வொரு முறையும் தாங்க முடியாததாகிறது. வைரம் பாய்ந்த லார்ச்சுக்கோ பூச்சே தேவையில்லை. வலேயின் வறண்ட வெயிலில் அதன் தெற்கு முகம் செம்பழுப்பாகிப் பின் கறுக்கும். நிழல்பட்ட வடக்கு முகம் வெள்ளிச் சாம்பலாகும். வைரத்தைச் சுற்றியுள்ள வெளிர்நிற மென்மரமான வெளிறு கலந்த பலகை வந்தால் மட்டும் தயங்காமல் திருப்பி அனுப்பிவிட வேண்டும், அந்தப் பகுதிக்கு வைரத்தின் உறுதி கிடையாது.

லார்ச்சிலும் தொல்லைகள் உண்டு. முன்துளை இடாமல் திருகினால் பலகையின் முனை பிளக்கும். சாதாரண இரும்பாணி பட்ட இடம் கருநீலமாகக் கறைபடும் என்பதால், துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியே வேண்டும். முதல் மழைகளில் கழுவி வந்த பழுப்புச் சாறு, எங்கள் அடித்தளத்தின் வெள்ளைச் சுவரில் கோடு கோடாக இறங்கியது. பலகையின் அடியில் நீர் வடியத் தகரப் பட்டை வைத்திருந்தால் அதைத் தவிர்த்திருக்கலாம்.

எங்கள் பலகைகள் ஆறு குளிர்காலங்களையே கண்டிருக்கின்றன. நெடுங்கால உழைப்புக்கு என் சொல்லைவிட, வலேயின் செர்மாட் ஊரில் பழைய பகுதியான ஹின்டர்டோர்ஃபில் எலி ஏறாதபடி வட்டக் கற்பலகைகளின் மேல் நிற்கும் 16 முதல் 18ஆம் நூற்றாண்டு வரையிலான லார்ச் களஞ்சியங்களே நல்ல சாட்சி. எங்கள் கிழக்குச் சுவரில், மரக்கிளைகளின் நிழலில் இருக்கும் பழைய ஸ்புரூஸ் இன்னும் உறுதியாகவே உள்ளது. அதை நாங்கள் தொடவில்லை.