பாக வழக்குக்கு யார்: ஊர் வக்கீலா, ஹைகோர்ட் வக்கீலா, இலவச சட்ட உதவியா?

அருப்புக்கோட்டைப் பக்கம் அப்பா விட்டுப்போன நிலம். அண்ணன் பங்கு தர மறுக்கிறார். பங்கு கேட்கும் தங்கை குடியிருப்பது தாம்பரத்தில். "ஹைகோர்ட்ல நமக்கு வேண்டிய வக்கீல் இருக்காரு" என்று உறவில் ஒருவர் கட்டாயம் சொல்வார். அந்த வக்கீலை முதலில் கழித்துவிடலாம் என்பது என் கட்சி.

நில வழக்கை நிலம் இருக்கும் எல்லைக்குட்பட்ட கோர்ட்டில்தான் போட முடியும். சென்னை வக்கீல் வாய்தாதோறும் அங்கே வரப்போவதில்லை. உள்ளூரில் ஒருவரைப் பிடித்துப்போடுவார். அவர் எழுந்து "சீனியர் வரலை" என்று அடுத்த தேதி வாங்குவார். ஃபீஸ் மட்டும் இரண்டு இடத்தில். ஹைகோர்ட் வரை போனாலும், விருதுநகர் மாவட்ட வழக்குகள் 2004 முதல் மதுரைக் கிளைக்கே போகின்றன. அங்கே இரண்டாம் அப்பீலில் முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். நிலம் யார் அனுபவத்தில் இருந்தது, உயில் உண்மையா என்பதெல்லாம் கீழ்க்கோர்ட் சாட்சிக் கூண்டிலேயே ஏறக்குறைய முடிந்துவிடும். அண்ணனைக் குறுக்கு விசாரணையில் கேட்காமல் விட்ட கேள்வியைப் பிறகு எந்தப் பெரிய வக்கீலும் கேட்க முடியாது.

ஆகவே ஊர் வக்கீல். அதிலும் ஆள் பார்க்க வேண்டும். சின்ன ஊர், உங்கள் அண்ணனுக்கே அவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கக்கூடும். முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஈகோர்ட்ஸ் செயலியில் வக்கீல் பெயரைப் போட்டால் அவருடைய வழக்குகள் வரும். இரண்டு மூன்றைத் திறந்து பாருங்கள்: விசாரணை நகர்கிறதா, வருஷக்கணக்காக ஒரே கட்டத்தில் தேதி மட்டும் மாறுகிறதா? (கோர்ட்டின் தாமதமும் அதில் உண்டு, எல்லாப் பழியையும் வக்கீல் தலையில் போடக் கூடாது.)

முதல் சந்திப்பில் அவர் கேட்பதைக் கவனியுங்கள். நிலம் பூர்வீகமா, அப்பா சுயமாக வாங்கியதா? உயில் உண்டா? கல்யாணத்தின்போதோ பிறகோ, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டீர்களா? இதைக் கேட்பவர் வேலைக்காரர். "ஜெயிச்சிரலாம்மா" என்று ஃபீஸுக்குத் தாவுபவரை விட்டுவிடலாம். கிடைக்கும் பங்கில் இத்தனை சதவீதம் என்று பேசுபவரையும்தான். பார் கவுன்சில் விதி அதை அனுமதிப்பதில்லை.

இலவச சட்ட உதவியை ஏழைகளுக்கு மட்டும் என்று பலரும் ஒதுக்குகிறார்கள். 1987-இன் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. கோர்ட் கட்டணமும் அதில் அடங்கும். இந்த உதவியைக் கேட்க வேண்டிய வட்ட சட்டப்பணிகள் குழு பெரும்பாலும் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும், தொலைபேசி 15100. குறை, வக்கீல் தேர்வு முழுதும் உங்கள் கையில் இல்லாததுதான். சரிப்படாவிட்டால் மாற்றக் கேட்டு மனு கொடுக்கலாம். அண்ணன் சமரசத்துக்கு இறங்கி வருவார் என்றால் இந்த வழியே முதலிடம்: சமரசம் பேசி முடிக்கும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) முடிந்தால் கட்டிய கட்டணம் திரும்பும், அப்பீலும் இல்லை.

சொந்தமாக அமர்த்திய வக்கீலையும் மாற்றலாம். ஃபீஸ் பாக்கி என்று கேஸ் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.