விரலா, முகமா, கருவிழியா: படுவான்கரைக்கு எது சரிவரும்?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள எங்கள் சங்கத்தில் சேமிப்புக் காசு எடுக்க வருகிறவர் உண்மையில் அவர்தானா என்று பார்க்க ஒரு மெசின் வாங்கும் கதை நடக்கிறது. விரல் அடையாள மெசின்தான் மலிவு, அதையே வாங்குவோம் என்கிறார்கள் பாதிப்பேர். அவசரப்பட வேண்டாம் என்கிறேன் நான். அதற்குக் காரணம் போன வருடம் ஓர் அலுவலகத்தில் நான் கண்ட ஒரு பெருவிரல்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்றவ எங்கள் ஊர் மாமி. பன்பாய் இழைப்பா, கஜுக் காலத்தில் கொட்டை உடைப்பா. கண்ணாடியில் விரலை வைத்தா, சிவப்பு விளக்கு எரிந்தது. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தா, அப்பவும் சிவப்புத்தான். "அழுத்தி வைங்க அம்மா" என்றார் உத்தியோகத்தர். நாலு தரம் வைத்தும் சரிவரவில்லை, நாளைக்கு வரச் சொன்னார். "நான்தானே தம்பி இதில நிக்கிறன்" என்றா மாமி. வெளியில் வந்து அந்த விரலைப் பார்த்தேன். கஜுப் பால் பட்டுத் தோல் கருகி உரிந்து, நுனி வழுவழுவென்று இருந்தது.

விரல் மெசின் பார்ப்பது ரேகை முடியும் இடங்களையும் இரண்டாகப் பிரியும் இடங்களையும்தான். தோல் தேய்ந்தால் அந்தப் புள்ளிகள் போதாமல் போகும். சீமெந்து குழைக்கிற மேசன், வலை இழுக்கிறவர், தோல் உலர்ந்துபோன வயதானவர் எல்லாருக்கும் இதே கதிதான். மேசைக்குப் பின்னால் இருந்து வேலை செய்கிறவர்களுக்கு இந்தச் சிக்கல் வராது. அதனால் கந்தோர் வரவுப் பதிவுக்கு விரல் மெசின் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வேகமானது, மலிவானது, சனத்துக்கும் பழகியது. ஆனால் எங்கள் அங்கத்தவர்களில் பெரும்பாலானோர் கையால் உழைக்கிறவர்கள்.

முகத்தைப் பார்த்து அடையாளம் காணும் முறைக்குக் கெமரா உள்ள போன் ஒன்றே போதும், எதையும் தொடவும் தேவையில்லை. தொற்றுக்குப் பயந்து 2020இல் விரல் மெசின்களை நிறுத்தி வைத்தபோது அதன் அருமை தெரிந்தது. ஆனாலும் காசு விடயத்தில் எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019இல் 189 மென்பொருட்களைச் சோதித்தது. ஒருவரை இன்னொருவராகத் தவறாக ஏற்றுக்கொள்ளும் பிழை, வெள்ளையரைவிட ஆசிய, ஆப்பிரிக்க முகங்களில் பல மென்பொருட்களில் 10 முதல் 100 மடங்கு வரை கூடுதலாக இருந்தது. அதன் பிறகு மென்பொருட்கள் முன்னேறியிருக்கின்றன, சரி. ஆனால் வாங்கப்போவது எதை என்று கேட்காமல் வாங்கக் கூடாது. அச்சு அசலாய் இருக்கிற இரட்டையர்களை அதனால் பிரித்தறிய முடியுமா என்றும் பார்க்க வேண்டும். ஏறாவூர், காத்தான்குடிப் பக்கம் இந்த முறை போவதென்றால், முகத்திரை அணிகிற பெண்களுக்கு மறைப்பான இடமும் பெண் உத்தியோகத்தரும் வேண்டும்.

என் மனம் சாய்வது கருவிழிப் பக்கம். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜோன் டோக்மன் உருவாக்கிய முறையில் ஒரு கருவிழியின் கோலம் 2048 பிட்களாக, அதாவது 0, 1 என்ற குறிகளின் வரிசையாக, சுருங்குகிறது. இரட்டையருக்கும் அது வேறு, ஒரே ஆளின் இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்கும்கூட வேறு. வெயிலிலும் சேற்றிலும் வேலை செய்து அது தேயாது. இந்தியாவின் அடையாள எண் திட்டமான ஆதாரில் பெரியவர்களிடம் 10 விரல்களோடு இரண்டு கருவிழிகளையும் பதிகிறார்கள், ஒன்று கைவிட்டால் மற்றது உதவும். ஆனால் கருவியின் விலை கூட. கண்ணை அகலத் திறந்து அசையாமல் பார்க்க வேண்டும். கண்ணில் வெள்ளை படர்ந்தவர்கள், சத்திரசிகிச்சை செய்தவர்கள் சிலருக்குச் சிரமம் வரும். விலையைக் கேட்டால் கமிட்டி முகம் சுளிக்கும், அதுவும் தெரியும்.

எதை வாங்கினாலும் பதிவு எங்கே இருக்கும் என்று விற்கிறவரிடம் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். களவு போனால் பாஸ்வேர்டை மாற்றலாம், விரலை மாற்ற ஏலாது. 2015இல் அமெரிக்க அரசின் ஆளணி அலுவலகத்திலிருந்து 56 லட்சம் பேரின் கைவிரல் பதிவுகள் களவு போயின. எங்கள் நாட்டின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல் அடையாளத் தரவை விசேட வகையில் வைத்திருக்கிறது.

கருவிழிக் கருவிக்குக் காசு காணாவிட்டால் விரல் மெசினையே வாங்குவோம். ஆனால் பதியும்போது பத்து விரலையும் பதிய வேண்டும், எது தெளிவாய் விழுகிறதோ அதைக் கணக்கோடு குறித்து வைக்க வேண்டும். மெசின் மூன்று தரம் மறுத்தால், அடையாள அட்டையையும் ஆளைத் தெரிந்த இரண்டு அங்கத்தவரின் கையொப்பத்தையும் வைத்து அன்றைக்கே காசைக் கொடுக்க வேண்டும். கரண்ட் போகிற நாளுக்கும் அதே வழி உதவும்.

அடுத்த கூட்டத்துக்கு விற்பனைக்காரர் மெசினோடு வருகிறாராம். மாமியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று தலைவரிடம் சொல்லிவிட்டேன். முதலில் அவவின் விரலை வைத்துப் பார்க்கட்டும்.