முறை தவறிய முதல் லீட்: ஐந்து வழிகளில் எது?

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் தெற்கு 3 நோ டிரம்ப் ஆடப்போகிறார்: துருப்பு இல்லாமல் ஒன்பது ட்ரிக் (நால்வரும் ஒவ்வொரு சீட்டு போடும் சுற்று) எடுக்க வேண்டும். பார்ட்னர் வடக்கு, எதிரிகள் கிழக்கும் மேற்கும். முதல் லீட், அதாவது முதல் சீட்டைப் போடுவது, மேற்கினுடையது. அவசரத்தில் கிழக்கு ஹார்ட் ராணியை முகம் தெரியப் போட்டுவிடுகிறார். தெற்கின் கையில் ஹார்ட்டில் ராஜாவும் ஆறும்தான்.

டைரக்டரை (போட்டி நடுவரை) கூப்பிடுங்கள், அவர் வரும்வரை யாரும் ஒரு சீட்டையும் தொட வேண்டாம். வடக்கு ஆர்வக்கோளாறில் டம்மியை (லீட் வந்தபின் மேசையில் திறந்து வைக்க வேண்டிய தன் கையை) விரிக்க, அதில் ஒரு சீட்டு தெற்கின் கண்ணில் பட வாய்ப்பிருந்தாலே போதும், டூப்ளிகேட் (போட்டி பிரிட்ஜ்) சட்டம் 54-இன்படி அந்த லீட்டை ஏற்றே ஆக வேண்டும்.

“பரவாயில்லை, ஆடுங்க” என்று ஏற்பது பெருந்தன்மைதான். ஆனால் டம்மி விரிந்ததும் தெற்கு தன் கையிலிருந்து இரண்டாவதாகப் போட வேண்டும், டம்மி கடைசி. ஏஸ் மேற்கிடம் இருந்தால் ராஜா சிக்கிக்கொள்ளும். காக்க வேண்டிய சீட்டு டம்மியில் இருக்கும் என்று ஆட்டத்துக்கு முந்தைய ஏலத்தில் தெரிந்தால் மட்டும் இது சரி.

அல்லது தெற்கு தானே தன் கையை விரித்து டம்மியாகலாம், வடக்கு ஆடுவார். பலமான கை வடக்கிடம் என்றால் அது மறைந்தே இருக்கும். (பார்ட்னர் உங்களைவிட நன்றாக ஆடுவார் என்பதும் ஒரு காரணம்தான்.) இதை எடுப்பவர்கள் அபூர்வம் என்பதால் பொதுவிதியாகச் சொல்லத் தயக்கம்.

மற்ற மூன்றிலும் லீட் மறுக்கப்படுகிறது, ராணி தண்டனைச் சீட்டாகிறது. மேற்கை ஹார்ட்டே போடச் சொல்லலாம், ஹார்ட் போடாதே என்று தடுக்கலாம், விருப்பம்போல் போட விடலாம். முதல் இரண்டில் ராணி கிழக்கின் கைக்குத் திரும்பிவிடும்; கிழக்கிடம் அது இருப்பதை வைத்து மேற்கு ஆடக்கூடாது, தெற்கு ஆடலாம்.

இந்தக் கையில் என் ஓட்டு தடுப்பதற்கே. ஹார்ட்டைக் கேட்டு வாங்கினால் ராஜாவுக்கு ஒரு ட்ரிக் நிச்சயம், ஆனால் அந்த ஒரே காப்பும் அதோடு தீர்ந்தது. அடுத்து எதிரிகள் உள்ளே வந்தால் (ஒரு ட்ரிக் எடுத்து லீட் பெற்றால்) ஹார்ட் வரிசையாக ஓடும். தடுத்தால் ராஜா அப்படியே நிற்கும், ஒரு சுற்று அவகாசம் கிடைக்கும். தடை மேற்கிடம் லீட் இருக்கும்வரைதான். ஆகவே சொல்வதற்கு முன் எண்ண வேண்டியது ஒன்று: ஒன்பது ட்ரிக் சேர்க்க எத்தனை முறை லீட்டை விட வேண்டும், யாரிடம்? பிறகு மேற்கு உள்ளே வந்து ஹார்ட் போட்டால் ராஜா கடைசி ஆளாக நின்று பிழைக்கும். கிழக்கு வந்தால் அதே ராணி ராஜாவின் ஊடாக வந்து அதைச் சிக்கவைக்கலாம். டம்மியைப் பார்க்குமுன் முடிவெடுப்பதால் ஏலத்தை வைத்தே ஊகிக்க வேண்டும். லீட் கிழக்கிடம்தான் போகும்போலத் தோன்றினால் தடுப்பதை விட்டு ஹார்ட்டையே கேளுங்கள்.

விருப்பம்போல் போட விட்டால் ராணி மேசையிலேயே கிடக்கும், முதல் வாய்ப்பில் அதைப் போட்டாக வேண்டும். அது கிடக்கும்வரை மேற்குக்கு லீட் வரும் ஒவ்வொரு முறையும் கேட்கவோ தடுக்கவோ தெற்குக்கு உரிமை உண்டு. பலர் மறப்பது இதைத்தான். ஆனால் மேற்கு இப்போதே ஹார்ட் போடலாம். அது வலிக்காத கையில் மட்டும் இது லாபம்.

கிழக்கு சீட்டைக் கவிழ்த்து வைத்திருந்தால், டைரக்டர் சொன்னதும் தண்டனையின்றி அது கைக்குத் திரும்பியிருக்கும்.