பரிணாமம்: நின்றுபோனதா, வேகம் பிடித்ததா?

அரிக்கமேட்டில் பாசிமணி செய்து ரோமாபுரிக்கு அனுப்பியவர்களுக்கும் இன்றைய புதுச்சேரிக்காரர்களுக்கும் இடையே சுமார் 2000 ஆண்டுகள், ஏறக்குறைய 80 தலைமுறை. இதற்குள் மனித உடல் மாறியிருக்குமா?

மாறவில்லை என்றார் அமெரிக்கப் பரிணாம உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட். கடந்த 40,000, 50,000 ஆண்டுகளில் மாறியதெல்லாம் பண்பாடுதான், உடம்பு அப்படியே இருக்கிறது என்பது அவர் கட்சி.

2007இல் மானுடவியலாளர் ஜான் ஹாக்ஸ் குழு நேர்மாறாகச் சொன்னது. ஜனத்தொகை பெருகினால் புதிய மரபணு மாற்றங்களும் பெருகும். விவசாயம் வேறு புது உணவையும் புது நோயையும் கொண்டுவந்தது. ஆகவே வேகம் கூடியது. ‘நூறு மடங்கு’ என்ற அவர்கள் கணக்கு சர்ச்சைக்குரியது, ஆனால் வாதம் வலுவானது.

பாலையே பாருங்கள். பாலூட்டிகளுக்குத் தாய்ப்பால் மறந்ததும், பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி குறைந்துவிடும். மாடு வளர்த்த கூட்டங்களில் அது குறையாமல் வைக்கும் மரபணு மாற்றம் சில ஆயிரம் ஆண்டுகளில் பரவியது. இந்தியாவின் வடமேற்கில் அது அதிகம், தெற்கே குறைவு. நேரு வீதி டீக்கடையில் ஒருவர் மூன்றாவது பால் டீயை ரசித்துக் குடிக்க, பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு டம்ளரிலேயே வயிறு உப்புவது இதனால் இருக்கலாம்.

சரி, நம் தயிர்? உறை ஊற்றினால் நுண்ணுயிரிகளே லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன. மரபணு மாற வேண்டியதே இல்லை. இங்கே கூல்டுக்கு ஒரு மதிப்பெண் கொடுக்கத்தான் வேண்டும்.

ஆனாலும் நான் ஹாக்ஸ் பக்கம். இரத்தச் சிவப்பணுவை அரிவாள் வடிவில் வளைக்கக்கூடிய, ஆனால் மலேரியாவிலிருந்து காக்கும் அரிவாள் செல் மரபணு நீலகிரிப் பழங்குடிகளிடம் இன்றும் இருக்கிறது. அதைப் பண்பாடு என்று தள்ளிவிட முடியாது.